உரிச்சு வெச்ச மாதிரி

"அவனை அவங்களை மாதிரியே செஞ்சேனுங்க அம்மணி. உரிச்சு வெச்ச மாதிரி. அப்பவும் பிடிக்கலைங்கறாங்க. ஏனுங்க?"

கேட்டவர் சென்னியப்பன். ஊர் ஊராகப் போய்த் திருவிழாவில் கதை சொல்கிற புலவர். தலை முக்கால்வாசி நரைத்தவர்.

கேள்வி ரங்காத்தாளிடம். ஆற்றோர மடத்தில் இருப்பவள். சென்னியப்பனின் தம்பி மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவருக்கு அவள்தான் குரு. ஞானத்துக்கு நரை கணக்கில்லை என்று அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டுத் தன் நரையைத் தடவியும் கொள்வார்.

ரங்காத்தாள் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரைங்கண்ணா?"

"ராசுவை. என் கதையில வர்ற ராசுவைத்தானுங்க."

மற்ற கதையெல்லாம் சென்னியப்பனுக்குப் பாட்டன் வழியாக வந்தவை. ராசு கதை ஒன்றுதான் அவர் தாமே கட்டியது. செய்யாத திருட்டுக்கு அரண்மனைச் சேவகர்கள் துரத்த, உயிர்தப்பி ஓடுகிறவனின் கதை. அதைப் பாவடிப்பாளையத்துத் திருவிழாவில்தான் முதன்முதலாக அவிழ்த்தார்.

பாவடிப்பாளையத்தில் வீட்டுக்கு வீடு தறி. ஆகவே ராசுவையும் நெசவாளி ஆக்கினார். திருவிழாவுக்கு முன்பே போய்த் தங்கித் தெருத்தெருவாக நோட்டம் விட்டார். ஒருவரிடமிருந்து இருமலை எடுத்தார். இன்னொருவரிடமிருந்து கூனலை. மூன்றாமவர் பேச்சுக்குப் பேச்சு "அதாகப்பட்டது" என்பார்; அதையும் விடவில்லை. எல்லாவற்றையும் ராசுவின் தலையில் ஏற்றினார்.

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க. ராசு இருமினா ஒருத்தன் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துச் சிரிக்கறான். பக்கத்து வீட்டுக்காரன் அவனுக்கு அடுத்தவனைப் பார்க்கறான். இது நாந்தான்னு ஒருத்தனாச்சும் நெனைக்கோணுமே! பாதிக் கதையில துண்டை ஒதறிட்டு எழுந்திரிச்சுப் போயிட்டாங்க."

"ராசு?"

"நடுக்காட்டுல ஓடிட்டிருந்தானுங்க. அங்கியே நிக்கறான்."

ரங்காத்தாள் சிரிக்கவில்லை. இன்னொரு காயை உடைத்தாள்.

"ஊர்ப் பெரியவர் அர்த்தநாரி இன்னைக்குக் காலையில என்ன சொன்னாரு தெரியுமுங்களா? நாளைக்குச் சாயங்காலம் இன்னொருக்கா வாங்க புலவரே, ஆனா அந்தப் பயலை மட்டும் கூட்டிட்டு வராதீங்க, அவன் செத்தாலும் சரி அப்படின்னாரு."

கடைசிச் சொல்லைச் சென்னியப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர். அவர் பெற்றது அந்த ஒருவனைத்தான். நாளைக்கு விட்டுவிட்டால் அப்புறம் எந்த ஊரிலும் அவனை எடுத்துச் சொல்லத் தமக்குத் துணிச்சல் வராது என்று அவருக்கே தெரியும்.

"இன்னும் எதைச் சேர்க்கோணும்? சொல்லுங்க அம்மணி, சேர்த்துடறேன்."

ரங்காத்தாள் பருப்பைக் கூடையில் வைத்துக்கொண்டு, உரித்த தோல் குவியலை அவர் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடுங்கண்ணா."

"இது தோலுங்க."

"உரிச்சு வெச்சதுதானுங்களே."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறாளே என்று சென்னியப்பனுக்குக் கோபம் வந்தது. குருவாகப் போய்விட்டாள், என்ன செய்வது.

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"நாச்சிமுத்து வீட்டுக்குக் கொழந்தை வந்திருக்குது. பார்த்துட்டு வரலாம், வாங்க."

"இங்க ராசு சாகக் கெடக்கறான்."

"வாங்கண்ணா."

போனார்.

வழியில் அவள் சொன்னாள். நாச்சிமுத்துவுக்கும் மயிலாவுக்கும் வெகுகாலமாகப் பிள்ளை இல்லை. கீழ்நாட்டு வெள்ளத்தில் தாய் தகப்பனை இழந்த கைக்குழந்தை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, நாச்சிமுத்துவின் தாயார் தாமே வண்டி கட்டிப் போய் எடுத்து வந்தார். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. ஊருக்கே தெரியும்.

வீடு நிறைய உறவுக்காரர்கள். குழந்தை கைமாறிக்கொண்டே இருந்தது.

"மூக்கைப் பாருங்க. எங்க வீட்டு மூக்கு!" என்றார் நாச்சிமுத்துவின் தாயார்.

"மூக்கை நீங்களே வெச்சுக்கங்க. நெத்தி எங்கப்பாரு நெத்தி" என்றான் மயிலாவின் அண்ணன்.

"காது அப்படியே நாச்சிமுத்து" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

குழந்தை வீலென்று அழுதது.

"இந்த அழுகை மட்டும் மயிலா வீட்டோடது. எங்க பக்கம் இப்படிக் கெடையாது" என்றார் நாச்சிமுத்துவின் தாயார்.

வீடே சிரித்தது. மயிலாதான் அதிகமாகச் சிரித்தாள்.

சென்னியப்பன் ரங்காத்தாளின் காதருகே குனிந்தார்.

"ஏனுங்க அம்மணி, எங்க பொறந்ததுன்னு இவங்களுக்குத் தெரியுமுங்களா?"

"அந்தப் பெரியம்மா தானுங்களே தூக்கிட்டு வந்தது."

"தெரிஞ்சுட்டேவா மூக்குக்குச் சண்டை போடறாங்க? இதுக்கு நான் தேவலை. நானாவது ராத்திரி கதைக்குத்தான் பொய் சொல்றேன்."

உள்ளே இலை போட்டுக் கூப்பிட்டார்கள். எல்லோரும் எழுந்தார்கள். குழந்தை அப்போது ரங்காத்தாளின் கையில் இருந்தது.

"கொஞ்சம் பிடிங்கண்ணா."

"நானா? எனக்குப் பழக்கமில்லீங்க."

அவள் அவர் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சென்னியப்பன் கொதிக்கிற சட்டியைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். குழந்தை அவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு, பார்த்தது போதும் என்று முடிவு செய்து அழ ஆரம்பித்தது.

தாலாட்டுப் பாடினார். அழுகை கூடியது.

வெண்பா ஒன்று சொன்னார். இன்னும் கூடியது.

கடைசியில் வேறு வழி தெரியாமல் அரண்மனைக் குதிரைபோல நாக்கால் டொக் டொக்கென்று தட்டினார். அழுகை நின்றது. நிறுத்தினார். மறுபடி அழுகை. ஆகவே குதிரை ஓடிக்கொண்டே இருந்தது.

ஓடுகிற குதிரையில் யாராவது இருக்க வேண்டுமே. ஒரு ராசாவை ஏற்றினார். ராசாவுக்குப் பசி வந்தது. குழந்தை வாய் பிளந்து கேட்டது. கேட்டுக்கொண்டே அவர் வேட்டியை நனைத்தது. நனைத்த கையோடு விக்கல் எடுத்தது. ஒரு விக்கலுக்கும் அடுத்த விக்கலுக்கும் நடுவில் மூச்சே இல்லாததுபோல இருந்தது. சென்னியப்பனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. முதுகைத் தடவினார். தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னார். தெரியாத சாமிகளையும் பொதுவாகக் கூப்பிட்டார்.

விக்கல் அடங்கியது. குழந்தை அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. விரலை இழுத்தால் விழித்துக்கொள்ளுமோ என்று அவர் அசையாமல் இருந்தார்.

சாப்பிட்டவர்கள் கை துடைத்துக்கொண்டு வந்தார்கள். மயிலா கையை நீட்டினாள்.

"குடுங்க மாமா, பாவம் நீங்க இன்னும் சாப்பிடலை."

"இருக்கட்டும் கண்ணு. இப்பத்தான் கண்ணு சொருகுது. சாப்பாடு எங்க ஓடிப்போகுது?"

பிறகு ரங்காத்தாள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஒண்ணு கவனிச்சீங்களா அம்மணி? கதை கேக்கறப்ப ஒத்தைப் புருவத்தை மட்டும் மேல தூக்குது. எனக்கும் சின்ன வயசிலிருந்தே இப்படித்தா..."

நிறுத்திக்கொண்டார்.

வீடு கூரை பறக்கச் சிரித்தது.

"புருவம் புலவர் வீட்டுது! எழுதிக்கங்கப்பா!" என்றார் நாச்சிமுத்துவின் தாயார்.

சென்னியப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் இன்னொரு முறை குனிந்து அந்தப் புருவத்தைப் பார்த்தார். அவருடையதுதான். சந்தேகமே இல்லை.

திரும்பும் வழி. சென்னியப்பன் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார்.

"கால் மரத்துப்போச்சுங்களாண்ணா?"

"போச்சுங்க."

"எப்ப மரத்துச்சு?"

சென்னியப்பன் யோசித்தார்.

"தெரியலீங்க அம்மணி."

"சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் மடத்துக்குப் போய்விட்டாள். மடியில் வாங்குவதற்கு முன் அந்தப் புருவம் கண்ணில் படவே இல்லையே என்று அவர் மட்டும் நடுவழியில் நின்றார்.

மறுநாள் பொழுது சாயும் நேரம். பாவடிப்பாளையத்துக் கோயில் மைதானம். அர்த்தநாரி வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"புலவரே, அந்த ராசு வரலைங்களே?"

"ராசுங்கறவன் வரலைங்க."

"அப்பச் சரி." துண்டை விரித்து உட்கார்ந்தார்.

சென்னியப்பன் அந்தத் துண்டையே பார்த்தார். இன்றைக்கும் எழுந்துபோனால் அவ்வளவுதான். கதை அதே கதை. ஆனால் கூனலையும் இருமலையும் அதாகப்பட்டதையும் ஆற்றோடு விட்டுவிட்டு வந்திருந்தார். ஓடுகிறவன் இப்போது சேந்தன். கடலில் மூழ்கி முத்தெடுப்பவன். தறி என்றால் என்னவென்றே அறியாதவன். பாவடிப்பாளையத்தில் கடலைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

அரண்மனையில் முத்து காணாமல் போயிற்று. பழி சேந்தன்மேல் விழுந்தது. சேவகர்கள் துரத்தினார்கள். காடும் மேடுமாக ஓடினான்.

"ஓடி ஓடி, பொழுது சாயற நேரம், தெரியாத ஊரு ஒண்ணுக்கு வந்து சேர்ந்தானுங்க. கால்ல ரத்தம். நாக்கு மேலண்ணத்துல ஒட்டிப்போச்சு. ஒரு வீட்டுக் கதவைத் தட்டினான்."

சென்னியப்பன் நிறுத்தினார். செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். செம்பைக் கீழே வைத்தார். சும்மா இருந்தார்.

மைதானம் நெளிந்தது.

"யாராச்சும் கதவைத் தொறங்கப்பா!" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"யார் வீட்டுக் கதவுங்க?" என்றார் சென்னியப்பன்.

"ஏன், எங்க வீடுதான்னு வெச்சுக்கங்க. மோர் இருக்குது, மொதல்ல குடுங்க அந்தப் பையனுக்கு!"

கொடுத்தார். சேந்தன் குடித்தான். மைதானமே ஒரு மிடறு விழுங்கியது.

"குதிரைச் சத்தம் கேக்குதுங்க. வீதிக்கு வந்துட்டாங்க" என்றார் சென்னியப்பன். டொக் டொக்கென்று நாக்கைத் தட்டினார்.

"தறிக்கு அடியில கால் வெக்கற குழியில எறக்குங்க! மேல துணியைப் போட்டு மூடுங்க!" என்று ஒருவர் கத்தினார்.

"மூச்சு விடாம இருப்பானா?"

"கடல்ல முங்கறவனுக்கு மூச்சைப் பத்தி நீ சொல்லித் தர்றியா? சும்மா இருப்பா!"

சென்னியப்பன் எழுந்து நின்றார். மீசையை முறுக்கினார். சேவகன் குரலில் கேட்டார்.

"ஏய்! இந்தப் பக்கம் எவனாச்சும் ஓடியாந்தானா?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. தறிக்குழியில் ஒருவன் மூச்சடக்கிக் கிடக்கிறான் என்பதுபோல அத்தனை பேரும் இருந்தார்கள்.

அர்த்தநாரி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். போன தடவையும் இப்படித்தான் உதறினார்.

"ஒருத்தனும் வரலை!" என்றார் அர்த்தநாரி. "எங்கூர்ல அன்னியன் எவனும் இல்லை. போங்கடா!"

"போங்கடா!" என்றது ஊர்.

சேவகர்கள் போனார்கள். சேந்தன் பிழைத்தான். கதை முடிந்தது. அப்புறமும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அர்த்தநாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். புலவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இவன்தானுங்க புலவரே, அசல் எங்கூர்க்காரன். உரிச்சு வெச்ச மாதிரி!" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு ஒருத்தனைக் கூட்டிட்டு வந்தீங்களே, அவன் எந்த ஊருங்க?"