தண்ணீர் கேட்ட புலிநகம்

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை வில்லவராயர் என்றொரு அரசர் ஆண்டுவந்தார். காலையில் கொடுத்த யானையை மாலையில் திருப்பிக் கேட்கிற மனிதர்.

அவருடைய தளபதி உக்கிரசேனர், ஆடு தின்னும் புலியைக் கொல்லக் காட்டுக்குப் போனார். உறுமல் கேட்டதுமே புதர், முள் பார்க்காமல் ஓடிவந்தார். வேட்டியில் கறுப்பாக, இரண்டு கொக்கியோடு ஏதோ மாட்டிக்கொண்டு வந்திருந்தது. அதையே தங்கத்தில் கட்டி அரசரிடம் நீட்டினார்.

"புலியைக் கொன்றேன், பிரபு! ஒரே விரலில் இரட்டை நகம்!"

அரசர் பூரித்துப்போய் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

மறுநாளே ஆட்டுக்காரி மூக்காயி சபைக்கு வந்து அழுதாள். "மகாராசா, நேத்தும் புலி ஒரு ஆட்டைத் தூக்கிட்டுப் போயிருச்சு!"

"செத்த புலியா தூக்கியது? இவளே விற்றுவிட்டுப் பழி போடுகிறாள். மிச்சமுள்ள பன்னிரண்டு ஆட்டையும் என் சமையல்கட்டுக்கு அனுப்புங்கள்!" என்றார் தளபதி. அரசரும் தலையாட்டிவிட்டார்.

அந்த ஆடுகளை விட்டால் மூக்காயிக்குப் பிழைக்க வழியில்லை. அப்போதுதான் அரசரின் மார்பைப் பார்த்தாள். ஆட்டுக் காலில் மாட்டிக்கொள்வதைத் தினமும் பிடுங்கி எறிகிறாளே, அதே காட்டுச்செடியின் காய்! சொன்னால் யார் நம்புவார்கள்? அரசர் அணிந்ததைப் பழித்தாள் என்று நாக்கை அறுத்துவிடுவார்கள்.

சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஐயையோ, தாகம் தீர்க்காமலா கழுத்தில போட்டீக? எங்க காட்டு வழக்கம் தெரியாதா சாமி? கொன்னவர் கையாலேயே நகத்தை மண்ணுல புதைச்சு, பதினஞ்சு நாள் தண்ணி விடணும். இல்லேன்னா புலி கனவுல வந்து கழுத்தைக் கவ்வும்."

அரசர் பதறிப்போய் அதைக் கழற்றினார். "அதுவரை ஆடுகள் இவளிடமே இருக்கட்டும். உக்கிரசேனரே, செம்பை எடும்!"

தளபதிக்குச் சிரிப்புதான் வந்தது. காய்ந்த கொக்கிக்குத் தண்ணீர் விட்டால் என்ன ஆகிவிடப்போகிறது? சபை முற்றத்தில் ஒரு தொட்டியில் அதைப் புதைத்து, மந்திரம் வேறு முணுமுணுத்தபடி, காலையும் மாலையும் ஊற்றினார். அது விதையுள்ள காய் என்பது அவருக்கு எப்படித் தெரியும், பாவம்!

பதினைந்தாம் நாள் சபை கூடியது. தொட்டியில் கொழுகொழுவென்று இரண்டு பச்சை இலைகள் நின்றன.

அரசர் குனிந்து பார்த்தார். இலையைத் தொட்டார். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

"உக்கிரசேனரே, உம்முடைய புலி இலை விட்டிருக்கிறதே! சைவப் புலியோ?"

மூக்காயி முந்திக்கொண்டு பேசினாள். "நல்லா தண்ணி விட்டிருக்காக சாமி. இன்னும் ரெண்டு மாசத்துல பூக்கும். ஆனா நிசப் புலி இன்னும் காட்டுலதான் இருக்கு."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். மூக்காயிக்குத் தம் காதுக் கடுக்கனையே கழற்றிக் கொடுத்தார். புலி பிடிபடும்வரை அவளுடைய ஆடுகளை மேய்ப்பது தளபதியின் வேலையாயிற்று.

செடி வெளிர்சிவப்பாய்ப் பூத்தது. அதைப் பிடுங்க அரசர் விடவில்லை. சபையில் யாராவது எழுந்து தம் வீரத்தைப் பேச ஆரம்பித்தால் போதும். அரசர் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துப் பேசுகிறவர் கையில் கொடுத்துவிடுவார்.