முதல் துண்டு

"அம்மா, இந்தக் கசப்பை எடுக்க ஏதாவது வழி இருக்குதுங்களா?"

கந்தப்பன் கொக்கோ தோப்புக்குள் வந்ததும் வராததுமாகக் கேட்டார். உட்காரக்கூட இல்லை.

வேலாத்தாள் காயப்போட்ட கொட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஆனைமலை அடிவாரத்தில், தென்னைகளுக்கு நடுவே கொக்கோ போட்டு, சர்க்கரையே சேர்க்காத சாக்லேட் செய்கிறவள் அவள். அவளிடம் கேள்வியோடு வருகிறவர்கள் உண்டு. பதில் கிடைக்கிறதோ இல்லையோ, வேலை கிடைத்துவிடும்.

கந்தப்பன் பொள்ளாச்சியில் மிட்டாய்க்கடைக்காரர். சுற்றுவட்டாரத்துக் கல்யாணங்களில் பாதிக்கு அவர் கை மைசூர்பாகுதான். அவளைவிட இருபது வயதாவது மூத்தவர். ஆனாலும் அம்மா என்றுதான் கூப்பிட்டார். தேவை என்று வந்துவிட்டால் வயதை எங்கே பார்ப்பது?

"போன வாரம் ஒரு கட்டி வாங்கிட்டுப் போனீங்களே, மாஸ்டர்?"

"சரசு ஒரு கடி கடிச்சா. அவ்வளவுதானுங்க. மறுநாள்ல இருந்து அடுப்படி வாசலுக்கே வர்றதில்லை."

"முன்னாடி வருவாங்களா?"

கந்தப்பன் உட்கார்ந்தார்.

"கல்யாணமாகி வந்த மறுநா விடியால, தலைக்கு ஊத்தி ஈரத்தலையோட வந்து அடுப்படி வாசல்ல நின்னா. நான் மைசூர்பாகு கிளறி இறக்கியிருந்தேன். பேச ஒண்ணும் தெரியலை. ஒரு துண்டு வெட்டிக் கையில குடுத்தேன். தின்னுபோட்டு, கொஞ்சம் முறுகிப்போச்சுங்கன்னா."

"கோவம் வந்துச்சா?"

"வந்துச்சுங்க. அப்புறம் அவளே, நாளைக்கும் வரட்டுங்களான்னு கேட்டா."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

"அன்னையில இருந்து எந்தச் சரக்கு போட்டாலும் முதல் துண்டு அவ கையிலதானுங்க. அவ தின்ன அப்புறம்தான் தட்டு கடைக்குப் போகும். இப்ப அவளுக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் இனிப்பையே தொடக்கூடாதுன்னு சொல்லிப்போட்டாரு. ஆனாலும் போன வாரம் வரைக்கும் விடிஞ்சா வந்து நிப்பா. பழக்கதோசத்துல கை நீளும். அப்புறம் முந்தானையில துடைச்சுக்கிட்டுப் போயிருவா. என்னால பாக்க முடியலைங்கம்மா."

தென்னை மட்டை ஒன்று எங்கோ விழுந்தது.

"அதனாலதான் இதைத் தேடி வந்தேன். சர்க்கரை கிடையாது. இரும்புச்சத்து இருக்குதாம், மெக்னீசியம் இருக்குதாம், நார்ச்சத்து இருக்குதாம். ரத்தக்குழாய்க்கு நல்லதுங்கறாங்க."

"இருக்குதுங்க. கொழுப்பும் இருக்குது. சின்னத் துண்டுக்கு மேல வேண்டாம். மாத்திரையையும் நிறுத்தக்கூடாது."

"நிறுத்தலைங்க. சத்துல குறையே இல்லை. கசப்புதான் குறை. கொஞ்சூண்டு கருப்பட்டி போட்டா? அது சர்க்கரை இல்லீங்களே."

வேலாத்தாள் அவரைப் பார்த்தாள்.

கந்தப்பன் தரையைப் பார்த்தார். கருப்பட்டியும் சர்க்கரைதான் என்று பாகிலேயே வாழ்நாளைக் கழித்த மனுசனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"இதை வறுங்க," என்று ஒரு முறம் கொட்டையை அவர் முன்னால் வைத்தாள்.

வறுத்தார். நெருப்பைக் கண்டதும் அவர் கை தானாக நிதானத்துக்கு வந்துவிட்டது. வாசனை மாறியதும் இறக்கினார். தோலைப் புடைத்தார். பருப்பைக் கல்லில் போட்டு அரைத்தார். அரைக்க அரைக்கத் தூள் கூழாகி, கூழ் இளகிப் பளபளவென்று ஓடியது.

"நெய்யே விடலீங்களே?"

"அதோட நெய் அதுக்குள்ளயே இருக்குது."

கந்தப்பன் வியந்துபோனார். மைசூர்பாகுக்குத் தான் ஊற்றிய நெய்யையெல்லாம் ஒரு கணம் நினைத்துக்கொண்டார்.

கூழை அச்சில் ஊற்றி ஆற வைத்தார்கள். இறுகியதும் வேலாத்தாள் ஒரு துண்டை உடைத்து நீட்டினாள்.

"தின்னுங்க, மாஸ்டர்."

"நானுங்களா? நாங்க சரக்கை வாயில வெக்கறதில்லைங்க. எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவரு கட்டளை. மாஸ்டர் தின்ன ஆரம்பிச்சா மத்தியானத்துக்குள்ள நாக்கு மரத்துப் போயிரும்பாரு. பாகை விரல்ல பாப்பேன். வறுவலை மூக்குல பாப்பேன்."

"ருசியை?"

"அவ மூஞ்சியில."



"இந்தச் சாக்லேட்டைக் குடுத்தப்ப?" என்று கேட்டாள் வேலாத்தாள்.

"எப்பவும் போலத்தானுங்க குடுத்தேன். இரும்புச்சத்து, நார்ச்சத்துன்னு எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன்."

"எதைப் பாத்துப் படிச்சீங்க?"

"போனைப் பாத்து."

வேலாத்தாள் கையிலிருந்த துண்டை இரண்டாக்கினாள். ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தாள். மற்றதைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, கண் எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்தாள்.

கந்தப்பனுக்கு வேறு வழியில்லை. வாயில் போட்டார்.

முகம் கோணியது. முதலில் வெறும் கசப்பு. பின்னால் லேசான புளிப்பு. துப்பிவிடலாமா என்று நினைக்கும்போதே அது நாக்கில் உருக ஆரம்பித்தது. உருகியதன் அடியிலிருந்து ஒரு வாசனை எழுந்து வந்தது. வறுபட்டு, கொஞ்சம் கூடுதலாகவே வறுபட்டு, சட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வாசனை.

அந்த வாசனையை அவருக்குத் தெரியும். அன்றைக்கு அந்த ஈரத்தலைக்காரி ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் தின்று முடித்த துண்டு அப்படித்தான் முறுகியிருந்தது.

அவருக்குக் கண் கலங்கியது. துடைக்க வெட்கமாக இருந்தது. துடைக்கவும் இல்லை.

"கசப்பை எடுக்கோணுங்களா?" என்று கேட்டாள் வேலாத்தாள்.

கந்தப்பன் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, அச்சில் மிச்சமிருந்ததைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் விடியற்காலை. அடுப்பைப் பற்றவைத்தாகிவிட்டது. போன் சட்டைப்பையில், சட்டை உள்அறை ஆணியில்.

"சரசு, இங்க கொஞ்சம் வா."

வெகுநேரம் சத்தமில்லை. பிறகு வளையல் சத்தம் கேட்டது. சரசு வாசலில் வந்து நின்றாள். கையை நீட்டவில்லை.

"மறுபடியும் மருந்துங்களா?"

கந்தப்பன் கறுப்புத் துண்டை இரண்டாக உடைத்தார். ஒன்றை அவளிடம் நீட்டினார். இன்னொன்றை அவள் வாங்கும் முன்பே தன் வாயில் போட்டார்.

சரசுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மனுசன் அடுப்படியில் நின்று எதையும் வாயில் வைத்து அவள் பார்த்ததில்லை. இப்போது அவர் முகம் கோணுவதைப் பார்த்தாள். கண்ணை இடுக்குவதைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் தன் பங்கை மெல்ல நாக்கில் வைத்தாள்.

இப்போது அவர் பார்த்தார்.

அவள் மெல்லவில்லை. உருகட்டும் என்று விட்டாள். அடுப்பில் விறகு வெடித்தது. கந்தப்பன் திரும்பிப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் முறுகிப்போச்சுங்க," என்றாள் சரசு.

"நான் வறுத்தது."

"தெரியுது."

விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பினாள். இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள்.

"நாளைக்கும் வரட்டுங்களா?"