நாலு காம்பும் கன்னுக்கே

"என் பொட்டு ஏன் மடியை முட்ட மாட்டேங்குது?"

பூரணி இதைச் சத்தமா கேட்டா பாருங்க, அந்த நிமிஷத்துலேர்ந்து எல்லாம் நாசம்.

பூரணி ஒரு பசு. பொட்டு அவ கன்னு. நெத்தியில வெள்ளையா ஒரு பொட்டு இருக்கும், அதான் அந்தப் பேரு. பத்து நாள் தலைவர் கொட்டகையில இருந்துட்டு அன்னைக்குக் காலையிலதான் திரும்ப வந்துச்சு. வந்துச்சுன்னா, கொண்டுவந்து நிறுத்துனாங்க.

அவ நக்குனா. அதே வாசனை. மடி சுரந்துச்சு.

கன்னு அசையல, கத்தல.

தலைவர் கோணவாலு அவ மடிக்குக் கீழ உக்காந்து கறந்துக்கிட்டு இருந்தாரு. குரங்கு. அந்தத் தோட்டத்துல கை இருக்கிற ஒரே மிருகம். கையை நிறுத்தாமலே பதில் சொன்னாரு.

"பயிற்சி முடிச்சு வந்த கன்னு. முட்டுறது மோதுறதெல்லாம் இனிமே கிடையாது. ஒழுக்கம்!"

"ஆமா ஆமா, ஒழுக்கம்!"னு கோழிங்க கத்துச்சுங்க.

ஒரு கடா மட்டும் மெதுவா முனகுச்சு. "காலு நாலும் குச்சி மாதிரி இருக்கே..."

தலைவர் அதைத் திரும்பிப் பாத்தாரு. சிரிச்சாரு.

சாயங்காலம் கடாவும் பயிற்சிக்குப் போயிருச்சு.

*

தோட்டத்துக்கு வெளிய, வத்திப்போன குளத்துல, துவைக்கிற கல்லுல ஒரு கழுதை கட்டிக் கிடந்துச்சு. வயசு பூரணியைவிடக் கம்மி. ஆனா எல்லாரும் அதை சாமின்னுதான் கூப்புடுவாங்க. பாதி பேர் மரியாதையா, பாதி பேர் நக்கலா. மறுநாள் காலையில கறந்து முடிஞ்சதும் பூரணி அதைப் பாக்கப் போனா.

"வாக்கா. புரட்சி சௌக்கியமா?"

"கிண்டல் பண்ணாதீங்க சாமி."

"வாயில கயிறு இருக்கு. கிண்டல் பண்ண இடம் ஏது?"

நிஜமாவே அது கயித்தைக் கடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. நாலு மாசமா. முதலாளியை விரட்டின அன்னைக்குக் கோணவாலு புளியமரத்துலேர்ந்து குதிச்சு வந்து ஒவ்வொரு முடிச்சா அவுத்து விட்டான். கழுதை மட்டும் வேண்டாம்னுருச்சு. நானே கடிச்சுக்கிறேன், நீ போன்னு.

ஊரே சிரிச்சுச்சு.

"அன்னைக்கு ஏன் சாமி வேண்டாம்னீங்க?"

"அவன் எவ்வளவு வேகமா அவுத்தான், பாத்தியா?"

"பாத்தேன். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள."

"அவ்வளவு பழக்கம் அவனுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

பூரணிக்கு அது மண்டையில ஏறல. அவ கவலை வேற.

"என் கன்னு பால் குடிக்கல சாமி."

"நீதானே முதல்ல கேட்டை உடைச்ச?"

"நான்தான். இந்தக் கொம்பாலதான். பொட்டு அப்போ பத்து நாள் குட்டி. முதலாளி மூணு காம்பைக் கறந்துக்கிட்டு ஒண்ணைத்தான் அதுக்கு விடுவான். ராத்திரியெல்லாம் பசியில என் காலைச் சப்பும். 'நாலு காம்பும் கன்னுக்கே'ன்னு கத்திக்கிட்டே ஓடினோம்."

"கேட்டுச்சு. இந்தக் காதுக்குக் கேக்காம இருக்குமா?"

"இப்பவும் அதான் சாமி சட்டம். தலைவர் தினம் காலையில அதைச் சொல்லிட்டுத்தான் கறக்குறாரு."

"எத்தனை காம்பு?"

"நாலும்."

கழுதை கயித்தை மென்னுச்சு.

"அது... எல்லாக் கன்னுக்கும் சமமா பங்கு வைக்கணுமாம். என் கன்னு மட்டும் என்கிட்ட குடிச்சா அது சுயநலமாம். அதனால பானை தலைவர் கொட்டகைக்குப் போயிரும். கன்னும் அங்க போயி மத்த கன்னுங்களோட வரிசையில நின்னு குடிக்கணும்."

"தோட்டத்துல மொத்தம் எத்தனை கன்னு?"

பூரணி மனசுக்குள்ள எண்ணிப் பாத்தா.

"ஒண்ணு. என்னோடது."

கழுதை கயித்தைத் துப்புச்சு.

"போயி அதைத் தூக்கிப் பாருக்கா."

"என்ன சாமி விளையாடுறீங்க? நாலு மாசக் கன்னு. என்னால எப்படித் தூக்க முடியும்?"

"தூக்கிப் பாரு."

*

மத்தியானம். எல்லாரும் நிழல்ல படுத்திருந்த நேரம். பூரணி தலையைக் குனிஞ்சு கன்னு வயித்துக்குக் கீழ கொம்பைக் குடுத்தா. மூச்சை இழுத்துப் பிடிச்சா. ஒரு தூக்கு.

பூ மாதிரி வந்துச்சு.

அவ போட்ட பலத்துக்கு அது தலைக்கு மேல எகிறி, தொப்புனு விழுந்து, வயித்துப் பக்கம் தையல் விட்டுப்போச்சு. உள்ளேர்ந்து மஞ்சளா வைக்கோல். காலுக்குள்ள நாலு குச்சி.

மாடு வச்சிருக்கிறவங்களுக்கு இது தெரியும். கன்னு செத்துருச்சுன்னா தோலை உரிச்சு, வைக்கோலை அடைச்சு, தாய் முன்னாடி நிறுத்துவாங்க. அந்த வாசனைக்கு அது பாட்டுக்குச் சுரக்கும். முதலாளி செய்யிற வேலைதான் இது. புளியமரத்துல உக்காந்து ஒருத்தன் அத்தனையும் பாத்துக்கிட்டு இருந்திருக்கான்.

பூரணி போட்ட சத்தத்துல தோட்டமே ஓடி வந்துச்சு. தலைவரும் வந்தாரு. வைக்கோலைப் பாத்தாரு. பூரணியைப் பாத்தாரு. தலையில கை வச்சுக்கிட்டாரு.

"அடிப்பாவி! நல்லா இருந்த கன்னு. கொம்பால குத்திக் கொன்னுட்டியே!"

"நான்... தலைவரே, இது வைக்கோலு..."

"கொன்னுட்டா!"ன்னுச்சு ஒரு கோழி.

"பெத்த தாயே கொன்னுட்டா!"

"நானே பாத்தேன்!"

நாய்ங்க ரெண்டு அவளுக்கு ரெண்டு பக்கமும் வந்து நின்னுச்சுங்க. கூட்டத்துல ஒருத்தரும் வைக்கோலைப் பாக்கல. அது அவங்க காலுக்கடியிலதான் கிடந்துச்சு, ரெண்டு ஆடு அதைத் தின்னுக்கிட்டுகூட இருந்துச்சு!

தலைவர் குரலை இறக்கினாரு. பக்கத்துல வந்து அவ காதுல, ரொம்ப அன்பா:

"விடு பூரணி. நான் தச்சுக் குடுத்துடறேன். காலையில கறக்கிறப்போ சத்தம் போடாம நில்லு. அது போதும். உன்னை யாரு என்ன சொல்லப் போறா?"

*

அவரு தச்சுக் குடுக்கிற வரைக்கும் அவ நிக்கல. கூட்டமும் நாய்ங்களும் கலைஞ்சதும் தோலை வாயில கவ்விக்கிட்டுக் குளத்துக்கு வந்தா. வழியெல்லாம் வைக்கோல் சிந்திக்கிட்டே வந்துச்சு.

கழுதை முன்னாடி போட்டா.

"தூக்கிட்டேன் சாமி."

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."



அப்புறம் பூரணி, வெளிய பிதுங்கி நின்ன வைக்கோலை நாக்கால உள்ள தள்ள ஆரம்பிச்சா. ஒவ்வொரு பிடியா. பொறுமையா.

"என்னக்கா பண்ற?"

அவ காதுலயே வாங்கல. தள்ளி முடிச்சா. மூஞ்சியை நிமித்தி வச்சா. நெத்தியில இருந்த அந்த வெள்ளைப் பொட்டை நக்குனா.

மடி சுரந்துச்சு. பால் மண்ணுல சொட்டுச்சு.

"அக்கா. அது செத்துருச்சு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா நக்குற?"

"நக்குறதை நிறுத்துனாத்தான், சாமி, அது செத்துரும்."

கழுதை திரும்பவும் கயித்தைக் கடிக்க ஆரம்பிச்சுச்சு.

உங்க முன்னாடியும் இப்படி வைக்கோல் அடைச்ச கன்னு ஒண்ணு நிக்குதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, கடைசியா அது எப்போ கத்துச்சு?