போகியன்று ஒழித்த வீடு

சீடருக்கு அறுபது தாண்டியிருந்தது, குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஞானமூர்த்தி பெரம்பூரில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா இருக்கப் பிடிக்காமல் பர்வீன் மேடத்திடம் மனநல ஆலோசனை கற்றுக்கொண்டிருந்தார். ஆயுசெல்லாம் பேசியே பிழைத்த மனுஷரிடம், வாயை மூடிக்கொண்டு கேளுங்கள் என்றால் சும்மாவா!

மேடம் அவரிடம் ஒப்படைத்த ஆள் தணிகாசலம். மனைவி போனதிலிருந்து ஒரு துரும்பைக்கூட வெளியே போடாதவர். பால் கவர், ஓட்டை வாளி, ஓடாத ஃபேன், பழைய பேப்பர் என்று வீடு கூரை வரை அடைந்து கிடந்தது. அம்பத்தூரில் இருந்த மகன் குமரவேல் கறாராகச் சொல்லிவிட்டான்: "பொங்கலுக்குள்ள வீட்டை ஒழிக்கலைன்னா அப்பாவை முதியோர் ஹோம்ல விட்டுடுவேன்."

ஞானமூர்த்தி வாராவாரம் போய் உட்கார்ந்து பேசினார். "பேசியே குப்பையைக் கூட்டப் போறாராம்யா!" என்று தெருவே சிரித்தது. மாதக்கணக்கில் பேசி, தணிகாசலம் தன் கையால் வெளியே வைத்தது கம்பி ஒடிந்த ஒரு குடை.

அதைக் கேட்டு மேடத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஞானமூர்த்திக்கோ எரிச்சல். இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் பள்ளிக்கூடத்தையே புரட்டிப் போட்டவராயிற்றே. ஒரு குடைக்கா இத்தனை பாடு?

போகி வந்தது. ஊரே பழசைக் கொளுத்துகிற நாளில் செய்தால் தப்பில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"இன்னிக்குக் கோயில்ல உட்கார்ந்து பேசலாம், வாங்க."

தணிகாசலம் நம்பி வந்தார். மனைவி ஆஸ்பத்திரியில் கடைசியாக இளநீர் கேட்டதையும், தான் வாங்கி வருவதற்குள் அவள் போய்விட்டதையும் அன்றுதான் முதல்முதலாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அழுதார். அதே நேரத்தில், ஞானமூர்த்தி சொல்லிவைத்திருந்தபடி, குமரவேல் ஆட்களை விட்டு வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தான்.

திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். துடைத்துவிட்ட கூடத்தைப் பார்த்தார். பிறகு ஞானமூர்த்தியைப் பார்த்தார்.

அதோடு சரி. ஞானமூர்த்தி போய்த் தட்டினால் கதவு திறக்கவில்லை. அடுத்தவர்கள் போகிக்கு வீசியதெல்லாம் அந்த வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. குமரவேல் ஹோமில் இடமும் பார்த்துவிட்டான்.

பாவி, என்ன செய்து வைத்தோம் என்று ஞானமூர்த்தி தன்னையே நொந்துகொண்டார். மேடத்திடம் போய் நின்றார்.

"அவர் ஹோமுக்குப் போயிடக் கூடாதுன்னுதானே மேடம் செஞ்சேன்?"

"உட்காருங்க சார்."

"எதுல தப்பு பண்ணினேன்னு பிடிபடலை. போனது பொருள்தானே? பேச்சு இருக்கே. இன்னொரு தடவை உட்கார்ந்து பேசினா சரியாயிடாதா?"

"ஆள் விட்டுக் கூப்பிட்டேன். நேத்து வந்தார்."

ஞானமூர்த்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வந்தாரா! பேசினாரா?"

"இதே நாற்காலியிலதான் உட்கார்ந்தார். மனசுல இருக்கறதைச் சொல்லுங்கன்னேன். ரொம்ப நேரம் கதவையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டார்."

"என்ன கேட்டார்?"

"'நான் இங்க பேசிக்கிட்டிருக்கேனே, இப்ப என் வீட்டுல யார் இருக்காங்க?'ன்னார்."

ஞானமூர்த்திக்கு முகம் செத்துப்போயிற்று.

"நீங்க என்ன மேடம் சொன்னீங்க?"

"தெரியலைன்னேன். எழுந்து போயிட்டார்."