எவன் எதைத் தேடினாலும்

ஈரோட்டில் சாவு வீடுகளுக்கு ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடும் சென்னியப்பன் முதலாளி கத்தினால் கண்ணாடி அதிரும்.

"காசு கட்டி நெட்டுல விளம்பரம் போடு. இந்த ஊர்ல எவன் எதைத் தேடினாலும் நம்ம பெட்டிதான் முதல்ல வரணும். வரலைன்னா நாளைக்கு நீ வராதே!"

வேலைக்குப் புதுசான மேகலா மெல்லச் சொன்னாள், "பெட்டி வேணும்னு தேடறவங்களுக்கு மட்டும் காட்டினாப் போதுமுங்க..."

"எனக்கே புத்தி சொல்றியா?"

பயத்தில், ஆஸ்பத்திரி முதல் அல்வா வரை அகப்பட்ட தேடல் சொல்லையெல்லாம் விளம்பரத்தில் சேர்த்தாள். சாயங்காலம் அவர் முன்னால் போய் நின்றாள்.

"போட்டாச்சுங்க. உங்க பொண்ணுக்கு நிறைமாசமாச்சுங்களே, பிரசவ ஆஸ்பத்திரின்னு நீங்களே தேடிப் பாருங்க."

முதலாளி மீசையை முறுக்கிக்கொண்டு தேடினார். எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய பெட்டி. அதன் கீழே, "கூப்பிட்டால் போதும், உடனே உங்கள் வீட்டு வாசலில்!"

போன் கையிலிருந்து நழுவியது. "எடு... எடுத்துத் தொலை அதை!"

"எவன் எதைத் தேடினாலும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

முதலாளியின் குரல் இறங்கியது. "அம்மிணி, என் வீட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம்."

"யார் வீட்டுப் பக்கமும் வேண்டாமுங்க. பெட்டி வேணுங்கறவங்க தேடி வரட்டும்."