ஏழாவது வரி

"இன்னும் ஒரு வரி புரோகிராம்கூட எழுதலை. நான் எதை மேடம் டெஸ்ட் பண்றது?" என்று கேட்டார் இருதயராஜ்.

கேள்வி நியாயம்தான். இருபத்திரண்டு வருஷம் புரோகிராம் எழுதிய மனிதர். ஐம்பதை நெருங்கும்போது கம்பெனி அவரைச் சோதனைப் பிரிவுக்குத் தள்ளிவிட்டது. இந்த ஒரு வேலையில் தேறினால் இருக்கலாம். இல்லையென்றால் வீட்டுக்கு.

பிரிவின் தலைவி செண்பகவல்லி. அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். பேச்சு குறைவு.

ஒரு தாளை நீட்டினார். டயாலிசிஸ் மையம் ஒன்று, நோயாளிகளுக்கு நாற்காலி ஒதுக்க சாஃப்ட்வேர் கேட்டிருந்தது. என்னென்ன வேண்டும் என்று முப்பத்தோரு வரி.

"இதை."

"இது வெறும் தாள்."

"ஆமா."

உட்கார்ந்து படித்தார். இரண்டு எழுத்துப்பிழை அகப்பட்டது. கொண்டுபோனார்.

"மறுபடி."

வரி எண்களைச் சரிபார்த்தார். கொண்டுபோனார்.

"மறுபடி."

இருதயராஜுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க மேடம். இதுல இன்னும் என்ன பார்க்க? பிள்ளையார் சுழி வளைஞ்சிருக்கான்னா?"

செண்பகவல்லி எழுந்தார்.

"வாங்க."

மையத்தில் பத்து நாற்காலி. பக்கத்திலேயே பத்து மெஷின். காலை ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். தலைமை நர்ஸ் ஞானப்பூ எதிரே வந்தார்.

"சிஸ்டர், அஞ்சு நிமிஷத்துக்கு இவர்தான் சாஃப்ட்வேர்" என்றார் செண்பகவல்லி. இருதயராஜ் பக்கம் திரும்பினார். "தாள்ல இருக்கறதை மட்டும் செய்யுங்க. சொந்த மூளை வேண்டாம்."

"அது எனக்குப் பழக்கம்தான்."

முதலில் வந்தவர் வெள்ளைச்சாமி. கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மையத்துக்கு அன்றுதான் இரண்டாவது தடவை வருகிறார்.

இருதயராஜ் ஏழாவது வரியைப் படித்தார். 'முதலில் வருபவருக்குக் காலியாக உள்ள நாற்காலி.' சுற்றிப் பார்த்தார். பக்கத்திலேயே ஒன்பதாம் எண் காலி.

"ஒன்பது. போய் உட்காருங்கய்யா."

"ரைட்!" என்று நடந்தார் வெள்ளைச்சாமி.

"நில்லுங்க!"

ஞானப்பூ ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார்.

"அது மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கறவங்களுக்குன்னு தனியா வச்ச மெஷின். வேற யாரையும் அதுல போடவே மாட்டோம். தொத்திக்கும்."

"இது தாள்ல இல்லையே சிஸ்டர்."

"இதையுமா எழுதணும்? இங்கே பெருக்குற அக்காவுக்கே தெரியுமே!"

இருதயராஜ் தாளையே பார்த்தார். இந்த வரியை அவர் அப்படியே புரோகிராமாக எழுதியிருப்பார். சோதிக்கிறவர் இதே தாளை வைத்துச் சோதித்திருப்பார். எல்லாம் பாஸ்.



செண்பகவல்லி பேனாவை நீட்டினார்.

அதன்பிறகு இருதயராஜை யாரும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. திரை எப்படி இருக்கும் என்று படம் வரைந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு மையத்துக்குப் போனார். புரோகிராம் கால்வாசி முடிந்தது, போனார். பாதி முடிந்தது, போனார்.

"முழுசா முடியட்டுமே சார், அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று புரோகிராம் எழுதுகிறவர்கள் சலித்துக்கொண்டார்கள். இவர் காதில் வாங்கவில்லை.

ஞானப்பூ ஒவ்வொரு தடவையும் தலையில் அடித்துக்கொண்டார். "இதையுமா?"

"இதையும்தான் சிஸ்டர்."

தாளில் வரிகள் கூடிக்கொண்டே போயின. நாற்பத்தாறில் நின்றது.

சாஃப்ட்வேர் ஓடத் தொடங்கிய முதல் காலை. திரையில் வெள்ளைச்சாமி பெயர். நாற்காலி எண் நான்கு. ஞானப்பூ திரையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். ஊசியை எடுத்தார்.

இருதயராஜ் பக்கத்தில் நின்ற செண்பகவல்லியிடம் திரும்பினார்.

"மேடம், என் வேலை நிலைச்சது உங்களாலதான். என்னைக்கும் மறக்க மாட்டேன்."

"எனக்கெதுக்கு நன்றி?"

செண்பகவல்லி நான்காம் நாற்காலிப் பக்கம் தாடையைக் காட்டினார்.

இருதயராஜ் போய் அந்த மனிதர் முன்னால் நின்றார். கைகூப்பினார்.

வெள்ளைச்சாமி பதறிவிட்டார்.

"என்ன சார், என்னைப் போய்க் கும்பிடறீங்க? எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே!"

"அதுக்குத்தாங்க."