சுருதி தப்பாத குஞ்சு

கேளுங்கள் பிள்ளைகளே! பெரியவர்களே, நீங்களும் கொஞ்சம் காதைக் கொடுங்கள். உண்மையில் இந்தக் கதை உங்களுக்குத்தான்.

பறவைகளெல்லாம் பேசித் திரிந்த காலத்தில், ஓர் இலுப்பைத் தோப்பில் சுநாதன் என்றொரு கரிச்சான் குருவி இருந்தான். விடியலில் முதல் பாட்டைப் பாடும் உரிமையைப் பறவைகளின் அரசன் அவனுக்கே கொடுத்திருந்தான். அடேயப்பா, அந்தப் பெருமை அவன் தலைக்கு ஏறிவிட்டது! அவன் மனைவி கோமளை. மரப்பொந்தில் அவர்களுக்கு ஒரே ஒரு குஞ்சு.

குஞ்சுக்குப் பேச்சு வரத் தொடங்கியது. "புழு" என்று சொல்ல வராமல் "புயு, புயு" என்றது. சுநாதன் பூரித்துப்போனான். "என் கண்ணே, இன்னொரு தரம் சொல்லு!" என்று கொஞ்சிக் கொஞ்சி ஊட்டினான்.

அப்புறம் பாட்டும் வரத் தொடங்கியது. அங்கேதான் வந்தது வினை.

விடியலில் அப்பாவோடு சேர்ந்து பாடியது. சுருதி தப்பியது; தலையில் அப்பாவிடமிருந்து ஒரு கொத்து. மழையைப் பார்த்துப் பாடியது. தாளம் தப்பியது, ஒரு கொத்து. வயிறு நிறைந்த மகிழ்ச்சியில் சும்மா ராகம் இழுத்தது. அதற்கும் ஒரு கொத்து!

"சுத்தமாக வரும்வரை வாயைத் திறக்காதே! நாலு பேர் கேட்டால் என் மானம் போகும்" என்றான் சுநாதன்.

"மழலைப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறீர்களே, பாட்டில் மட்டும் மழலை கூடாதா?" என்றாள் கோமளை.

"பேச்சு யாருக்கும் வரும். இது சங்கீதம். உனக்கென்ன தெரியும்?"

குஞ்சு வாயை மூடிக்கொண்டது. "பார்த்தீர்களா, என் பிள்ளைக்கு எவ்வளவு அடக்கம்!" என்று தோப்பெல்லாம் சொல்லித் திரிந்தான் அந்த மடையன்.

ஒருநாள் சுநாதனும் கோமளையும் பக்கத்து மரத்தில் இரை தேடிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு சாரைப்பாம்பு பொந்தை நோக்கி ஏறியது. குஞ்சு ஒரு குரல் கொடுத்தால் போதும், இருவரும் பறந்து வந்து கொத்தி விரட்டியிருப்பார்கள். அது வாயைத் திறந்தது. பயத்தில் குரல் சுத்தமாக வராது என்று தெரிந்ததும், வாயை மூடிக்கொண்டது.

திரும்பி வந்தால் பொந்து காலி.

"ஐயோ, ஒரு சத்தம் போட்டிருந்தால் ஓடி வந்திருப்பேனே!" என்று அலறினான் சுநாதன்.

எதிர்க்கிளை அணில் சொன்னது: "போடத்தான் பார்த்தது. வாயைத் திறந்தது, நீ இருந்த பக்கம் பார்த்தது, மூடிக்கொண்டது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். என் கத்தலை நீ என்றைக்குக் காதில் வாங்கியிருக்கிறாய்?"

கோமளை அன்றே வேறு தோப்புக்குப் பறந்துவிட்டாள்.

மறுநாள் விடியலில் சுநாதன் பாடினான். சுருதி இம்மியும் தப்பவில்லை. அதைக் கேட்கப் பொந்தில் யாரும் இல்லை.

தப்பும் தவறுமாகப் பேசித்தான் பிள்ளை பேச்சைக் கற்கிறது. பாட்டையும் அப்படிக் கற்க விடாதவன், பாட்டோடு சேர்த்துப் பிள்ளையின் குரலையும் பறித்துவிடுகிறான்.